ஏடும் கற்படுக்கையும்: நாகமலையைச் சுற்றிய ஊர்கள்

மதுரைக்கு மேற்கே நீண்டு கிடக்கும் மலைத்தொடர் நாகமலை எனப் பெயர் பெற்றதற்குப் புராணம் ஒரு காரணம் கூறும். சமணர்கள் வேள்வி வளர்த்து மதுரையின்மேல் ஏவிய நாகம் பாண்டியனின் அம்புபட்டு வீழ்ந்து மலையாயிற்று என்பது திருவிளையாடற் புராணத்து நாகமெய்த படலம். யானைமலைக்கும் பசுமலைக்கும் இதே வகையான கதைகள் உண்டு. நகரைச் சூழ்ந்துள்ள குன்றுகளிற் பலவும், கதையின்படி, தோற்றுப்போன ஒரு சமயத்தின் படைக்கலங்களே. மதுரையில் வளரும் குழந்தை தொலைவில் தெரியும் மலைகளை அடையாளங் காணக் கற்கும்போதே இப்பகையையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது.

ஆனால் அம்மலைகளின் பாறைகளில் எழுதப்பட்டிருப்பவை வேறு செய்தியைச் சொல்கின்றன. நாகமலையின் தென்புறத்தே சமணர் வாழ்ந்த குகைத்தளங்கள் உள்ளன. வடபுறத்தே, வையையின் கரையில், சமணர் தோற்றதாகச் சொல்லப்படும் திருவேடகம் உள்ளது. மலையை ஒருமுறை சுற்றி நடப்பவர் இவ்விரண்டையும் ஒரே வழியிற் காண்பர். மதுரையிலிருந்து புறப்பட்டு, மலையின் தென்பக்கமாக மேற்கே சென்று, விக்கிரமங்கலத்தருகே வடக்கே திரும்பி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, வையைக் கரையோடு நகருக்குத் திரும்பும் வழி இது. நிதானமாக நடப்போர்க்கு மூன்று நாள் வழி. எந்தச் சமயமும் இதனை வலம்வரும் பாதையாக வகுக்கவில்லை. ஊர்களை இணைக்கும் வண்டிப்பாதைகளும் கண்மாய்க் கரைகளும் வயல் வரப்புகளுமே சேர்ந்து இதனை ஒரு வட்டமாக்குகின்றன. புராணத்தையும் பாறையையும் ஒருசேர வைத்துப் படிக்க விரும்புவோர்க்கு இவ்வட்டத்தைவிடப் பொருத்தமான பாடநூல் மதுரையில் இல்லை.

நகரின் மேற்கு விளிம்பில், ஆரப்பாளையத்தை ஒட்டி வையைக் கரையில் இருப்பது புட்டுத்தோப்பு. வெள்ளம் உடைத்த கரையை அடைக்க வந்திக்காகச் சோமசுந்தரர் பிட்டுக்கு மண்சுமந்த இடம் என்பர். ஆவணி மூல விழாவில் இன்றும் அந்நிகழ்ச்சி இங்கே நடித்துக் காட்டப்பெறுகிறது. உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்ற ஊர்க்கட்டளையையும், ஆளில்லாத கிழவியின் துன்பத்தையும் அடிப்படையாகக் கொண்ட கதை இது. குடிமராமத்து என்று பிற்காலத்தார் குறித்த கடமையின் நினைவு கடவுள்கதையாய் நிலைத்திருக்கிறது எனலாம். வையை கரை உடைக்கும் ஆறாக இருந்த காலத்தின் கதை என்பதை மட்டும் மனத்திற் கொண்டு மேலே செல்லலாம்.

அங்கிருந்து மேற்கே சென்றால் கீழக்குயில்குடி. ஊரை ஒட்டிய பாறைக்குன்றுக்குச் சமணர்மலை என்று பெயர். அடிவாரத்தில் தாமரைக்குளமும், விழுதூன்றிய ஆலமரங்களும், குதிரைகள் சூழ நிற்கும் அய்யனார் கோயிலும் உள்ளன. குன்றின் தென்மேற்குச் சரிவில் இருப்பது செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. குகைவாயிலில் அமர்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. நீண்ட காதும் பருத்த உடலும் கொண்டு அமர்ந்திருக்கும் அவரை ஊரார் ஒரு செட்டியாராகக் கண்டனர். குகையின் பெயர் அவ்வாறு வந்தது. மறந்துபோன ஒரு சமயத்தின் கடவுளுக்கு ஊரார் இட்ட பெயரில் பகையோ ஏளனமோ இல்லை என்பது கருதத்தக்கது.

குகையின் உள்ளே, மேற்புற வளைவில், வரிசையாக ஐந்து சிற்பங்கள். முக்குடைக்கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர் மூவர் நடுவே இருக்க, ஒரு முனையில் சிங்கத்தின்மீதமர்ந்து யானைமேல் வருவோனை எதிர்த்துப் போரிடும் இயக்கி; மறுமுனையில் அம்பிகை. இச்சிற்பங்களை ஒட்டிய வட்டெழுத்துக் கல்வெட்டுகள் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. இவற்றுள் ஒன்று, திருமேனி குயிற்குடி ஊரார் பெயரால் செய்விக்கப்பெற்றது என்று கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஊர்ப்பெயர் சிறிதே திரிந்து இன்றைய பேருந்துப் பலகையிலும் இருக்கிறது. பாண்டிய நாட்டில் இவ்வாறு பெயர் மாறாத ஊர்கள் பல உண்டு. ஆயினும் ஓர் ஊரே தன் பெயரால் சமணத் திருமேனி ஒன்றைச் செய்வித்தது என்ற செய்தி, அவ்வூரின் இன்றைய பெயரோடு இணைத்துப் படிக்கக் கிடைப்பது அரிது.

குன்றின் கிழக்குப் பகுதியில் சுனையை ஒட்டியிருப்பது பேச்சிப்பள்ளம். அங்கே பாறைச்சுவரில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றின் கீழும் அதனைச் செய்வித்தவர் பெயர். வெண்பு நாட்டுக் குறண்டியிலிருந்த திருக்காட்டாம்பள்ளியின் மாணாக்கர் பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. குறண்டி அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர். அங்கிருந்த சமணப் பள்ளியில் கற்றவர்கள் இம்மலைக்கு வந்து வாழ்ந்துள்ளனர் என்பது இதனால் தெளிவு. இவ்வரிசையில் ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார். பாண்டிய நாட்டிலும் அப்பாலும் பல மலைகளில் தம் பெயரைப் பொறித்து வைத்தவர் அச்சணந்தி என்னும் சமணத் துறவி. அவருடைய தாயின் பெயரைத் தாங்கியிருப்பது இக்குன்று. துறவறம் பூண்ட மகனின் தாய் என்று தம்மைக் கூறிக்கொண்டு ஒரு பெண் கல்லில் நிலைபெற்றிருக்கிறார். மன்னர்களின் பட்டப்பெயர்களை மனப்பாடம் செய்யும் வரலாற்று மாணவர், இவ்வொரு வரிக்காகவேனும் இம்மலையேறலாம்.

மேலே ஏறினால் இடிந்துபோன பள்ளி ஒன்றின் அடித்தளம் தெரியும். அது மாதேவிப் பெரும்பள்ளி எனப்பட்டது. பாண்டிய அரசி ஒருத்தியின் பெயரால் அமைந்தது என்பர். உச்சியை நெருங்கும் இடத்தில் கன்னடக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. சிரவணபெளகுளத்திலிருந்து வந்தோர்க்கும் இக்குன்று புனிதமாயிருந்தது. உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் நாகமலையின் முதுகும், கிழக்கே கோபுரங்களும், இடையே கண்மாய்களும் தெரியும்.

சமணர்மலையின் மற்றொரு பக்கத்தில் முத்துப்பட்டி. இங்குள்ள குகைத்தளம் இன்னும் பழைமையானது. கற்படுக்கைகளின் அருகே தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. இவை கிறித்துவுக்குச் சற்று முன்னும் பின்னுமான நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. இவற்றுள் ஒன்றில் நாகபேரூர் என்ற ஊர்ப்பெயர் வருகிறது. அருகே நாகமலை நிற்க, நாகபேரூரை அம்மலையோடு தொடர்புடைய ஊராகக் கொள்வதே இயல்பு. அவ்வாறு கொண்டால், சமணர் ஏவிய நாகத்தால் மலைக்குப் பெயர் வந்தது என்ற கதைக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே நாகம் இவ்வட்டாரத்தின் பெயரில் இருந்தது என்றாகிறது. அப்பெயரை நமக்குப் பாதுகாத்துத் தந்ததும் சமணர் படுக்கையே. புராணத்தைப் பொய் என்று தள்ளுதற்கு இதனைக் கூறவில்லை. புராணம் தனக்கு முன்னிருந்த பெயருக்குத் தன் காலத்து வழக்கை ஏற்றி விளக்கம் தருகிறது. புலவர்கள் எக்காலத்தும் செய்வதுதான் இது.

இப்பழைய எழுத்துகளைப் படிக்க முடிந்ததே ஒரு தனி வரலாறு. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மீனாட்சிபுரத்துக் கல்வெட்டுகளை இராபர்ட் சிவெல் 1882இல் கண்டார். வடபுல மொழி என்று கருதப்பட்டுவந்த இவ்வகை எழுத்துகளைத் தமிழ் என்று காட்டியவர் கே.வி. சுப்பிரமணிய அய்யர், ஆண்டு 1924. மாங்குளத்து வரிகளில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரை 1960களில் ஐராவதம் மகாதேவன் உறுதி செய்தார். கண்டதற்கும் தெளிந்ததற்கும் இடையே எண்பதாண்டுகளுக்கு மேல். இதனிடையே கற்குவாரிகளால் எத்தனை குகைகள் போயிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை; குடைந்த குன்றுகள் கண்முன்னே நிற்கின்றன.

முத்துப்பட்டியிலிருந்து பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்து மேற்கே சென்றால் கொங்கர்புளியங்குளம். ஊருக்கருகே உள்ள குன்றின் இயற்கைக் குகைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. படுக்கைகளின் மேலே பாறைநெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி ஒரு காடி வெட்டப்பட்டுள்ளது. பாறையில் ஆங்காங்கே குழிகள். கம்பு நட்டுக் கூரை வேய்வதற்கு வெட்டியவை அவை. அங்குள்ள மூன்று பழங்கல்வெட்டுகளும் இக்கூரையைக் கொடுத்தோரையும் அதற்குப் பொன் ஈந்தோரையும் குறிப்பன என்று அறிஞர் கொள்வர். கொடுத்தவர்களுள் ஒருவர் உபாசகர்; மற்றொருவர் பாகனூர்ப் பேராதன் பிட்டன்.

இப்பெயரில் சற்றே நிற்றல் வேண்டும். பாகனூர் எங்கே உள்ளது? மலையின் இப்பக்கத்திலன்று, வையைக் கரையில், இன்றைய சோழவந்தான் வட்டாரத்தில். வேள்விக்குடிச் செப்பேடு பாகனூர்க் கூற்றம் என்றொரு நாட்டுப் பிரிவைக் கூறுகிறது. நெல் விளையும் வயல்கள் நிறைந்த பகுதியாக அதனைச் சிறப்பிக்கிறது. அவ்வயல்நாட்டுக்காரர் ஒருவர் மலையைக் கடந்து இப்பக்கம் வந்து, துறவிகள் படுக்கும் குகைக்குக் கூரை வேயப் பொன் கொடுத்திருக்கிறார். வறண்ட தென்சரிவின் துறவும் நீர்வளமிக்க வடகரையின் விளைவும் எவ்வாறு பிணைந்திருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. குகையில் நோற்றவர்களுக்கு உண்டி வந்த வழி எது என்று கேட்பார்க்கு, இவ்வட்டத்தின் மறுபாதியைக் காட்டலாம்.

கவிஞர்கள் காணத்தக்க மற்றொன்றும் இப்பெயரில் உண்டு. ஊர்ப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னுமாக அமையும் இம்முறை சங்கப் புலவர் பெயர்களில் நாம் நன்கறிந்தது. மாங்குடி மருதனார் போன்ற பெயர்கள் அனைத்தும் இவ்வாறே அமைந்தவை. பிட்டன் என்பது பிட்டங்கொற்றன் என்ற புறநானூற்றுத் தலைவன் பெயரில் வருகிறது. ஆதன் சேரர் பெயர்களில் வருகிறது. பாட்டெழுதியவர்க்கும் பாறையில் பொன் ஈந்தவர்க்கும் பெயரிடும் மரபு ஒன்றாகவே இருந்துள்ளது. நமக்குக் கிடைத்துள்ள தொன்மையான தமிழ் எழுத்து கவிதையன்று. இன்ன ஊர் இன்னார் இதனைக் கொடுத்தார் என்ற குறிப்பே. இலக்கியத் திறனாய்வாளர் இதற்கு மதிப்பெண் வழங்கமாட்டார் எனினும், சுருங்கச் சொல்லுதற்கு இலக்கணம் தேடுவோர் இங்கே வரலாம்.

அதே குன்றில், அக்கூரை வேய்ந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவம் ஒன்றும் உள்ளது. அதன் கீழே அச்சணந்தி பெயர். இவ்விரு காலங்களுக்கும் இடையிலேதான் களப்பிரர் வந்தனர், கடுங்கோன் மீட்டான், ஞானசம்பந்தர் மதுரைக்கு எழுந்தருளினார். குகை மட்டும் கைவிடப்படவில்லை. அல்லது கைவிடப்பட்டு மீண்டும் வாழ்வு பெற்றது.

கற்படுக்கைகளில் இக்காலத்தாரும் தம் பெயர்களை வெட்டியுள்ளனர். காதலர் பெயர்களும், கட்சிச் சின்னங்களும், ஆண்டுகளும் உண்டு. பேராதன் பிட்டனும் பெயரைத்தான் வெட்டுவித்தார். ஆனால் அவர் முதலில் கூரை கொடுத்தார்.

கொங்கர்புளியங்குளத்திலிருந்து விக்கிரமங்கலம் வரையுள்ள வழி நெடிது. சொல்லத்தக்க செய்தி குறைவு. செக்கானூரணிப் பக்கத்து மானாவாரிக் காடுகளும், சிறுதெய்வக் கோயில்களும், ஆட்டுக்கிடைகளுமாகச் செல்லும். விக்கிரமங்கலத்தில் உண்டாங்கல் என்ற குன்றில் குகைத்தளமும் பழங்கல்வெட்டுகளும் உள்ளன. இங்கே வருபவை பெரும்பாலும் ஆட்பெயர்களே. அந்தை, ஆதன், குவிரன் என்பன அவற்றுட் சில. குபேரன் என்பதன் தமிழ்வடிவம் குவிரன் என்பர். மதுரைக்குத் தென்கிழக்கே அதே வையைக் கரையில் உள்ள கீழடியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பானையோடுகளிலும் குவிரன், ஆதன் என்னும் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. கீழடியின் ஒரு மண்ணடுக்கு கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தபோது நாடெங்கும் பேசப்பட்டது. அகழாய்வுக் குழியில் கிடைத்த பெயர்கள் மலைக்குகையில் முன்பே படிக்கப்பட்டிருந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மட்கலத்தில் தன் பெயரைக் கீறிக்கொண்ட குடியானவரும் துறவிக்குப் படுக்கை வெட்டுவித்தவரும் ஒரே பெயர்க்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

விக்கிரமங்கலத்திலிருந்து வடக்கே திரும்பிச் சோழவந்தான் பாதையில் சென்றால் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. செம்மண்ணும் கள்ளியும் முடிந்து தென்னந்தோப்பும் நெல்வயலும் தொடங்குகின்றன. மன்னாடிமங்கலம், முள்ளிப்பள்ளம், தென்கரை என்று ஊர்கள் ஆற்றை ஒட்டி நெருங்கி வருகின்றன. மங்கலம் என முடியும் பெயர்கள் பிரமதேய ஊர்களின் நினைவு. பேரணை, சிற்றணை என்ற இரு அணைகளும் ஆற்றின் மேற்பக்கத்தே உள்ளன. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டபின் மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்து வையைக்குத் திருப்பப்பட்டு, பேரணையிலிருந்து கால்வாய் வழியே வடகரை வயல்களுக்குச் சென்றது. இன்று காணும் பசுமையில் பென்னிகுயிக்கின் பங்கு பெரிது. எனினும் பெரியாற்றுக்கு முந்திய பசுமையும் இங்கே உண்டென்பதற்குப் பாகனூர்க் கூற்றமே சான்று.

வேள்விக்குடி இக்கூற்றத்து ஊர். முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு இதனை அளித்தான். களப்பிரர் அதனை நீக்கினர். பல தலைமுறைகளுக்குப் பின் நெடுஞ்சடையன் பராந்தகன் தன் 3ஆம் ஆட்சியாண்டில், நற்கொற்றன் வழிவந்த நற்சிங்கன் முறையிட, அதனை மீண்டும் அளித்தான் என்று செப்பேடு விரித்துரைக்கும். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் செய்தி இது. முறையிட்டவனைப் பழைமையை மெய்ப்பித்துக் காட்டுக என்று மன்னன் கேட்டதும், அவன் காட்டியதும் அதில் உள்ளன. பாண்டியர் வரலாற்றுக்கு முதன்மையான இச்சான்று இப்போது இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயல் இங்கே, பத்திரம் அங்கே.

தென்கரையில் மூலநாதர் கோயிலைக் கண்டு பாலத்தைக் கடந்தால் சோழவந்தான். பாட்டால் தமிழ்நாட்டைக் கட்டிப்போட்ட டி.ஆர். மகாலிங்கம் பிறந்தது தென்கரையில். சோழவந்தான் என்ற பெயருக்குச் சோழன் உவந்தான் என்று ஊரார் பொருள் கூறுவர். கல்வெட்டு கூறும் பெயர் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம். அந்தகன் என்றால் எமன். 10ஆம் நூற்றாண்டில் சோழன் தலைகொண்டதாகப் பட்டம் பூண்ட வீரபாண்டியனின் பெயரால் வந்தது அது. சோழனுக்கு எமனாகிய பெயர் சோழன் மகிழ்ந்த பெயராக மாறியது காலத்தின் நகைச்சுவை. ஆயினும் ஊரார் பொருளை இகழ்வதற்கில்லை. பகையை மறந்த பின்னர் ஒரு பெயருக்கு நல்ல பொருள் தேடிக்கொள்வது குயிற்குடியார் தீர்த்தங்கரரைச் செட்டியாராக்கியதைப் போன்ற இயல்பே.

இவ்வூரின் கொடிக்கால்கள் புகழ்பெற்றவை. அகத்தியில் படர்ந்து நிழலில் வளரும் வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கி அனுப்புவர். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்ப் புலமைக்கு இவ்வூர் தந்த கொடை அரசஞ் சண்முகனார். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தோடு தொடர்பு கொண்டு, செந்தமிழ்க் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கி, தொல்காப்பியப் பாயிரத்துக்கு விரிவுரை வரைந்தவர். மாலைமாற்று முதலிய அருஞ்செய்யுள் வகைகளில் வல்லவர். இக்காலக் கவிஞர் பலர் அவர் பெயரையும் அறியார்.

சோழவந்தானுக்குக் கிழக்கே, வடகரையோடு சிறிது தொலைவில், திருவேடகம். கூன்பாண்டியன் எனப்பெறும் நின்றசீர் நெடுமாறன் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், சம்பந்தரும் சமணரும் அனல்வாதமும் புனல்வாதமும் புரிந்ததாகப் பெரியபுராணம் கூறும். ஆற்றிலிட்ட சமணர் ஏடு கடலை நோக்கிச் செல்ல, சம்பந்தரின் ஏடு நீரை எதிர்த்து மேற்கே ஏறி இங்கே தங்கிற்று. ஏடு அகமாகக் கொண்ட இடம் ஏடகம். சம்பந்தரின் ஏடகப் பதிகத்திலேயே ஏடு வந்தணைந்த செய்தி வருகிறது. வையை சந்தனத்தையும் அகிலையும் கொண்டிழிந்து வருவதையும் அது கூறும். மலைவளம் இறங்கி வர, ஏடு ஏறிச் செல்லும் அந்த எதிர்ப்போக்கில் பதிகத்தின் அழகே அடங்கியிருக்கிறது. ஏடு எதிரேறிய விழா இன்றும் ஆண்டுதோறும் இத்தலத்தில் நடைபெறுகிறது.

கதையின் முடிவு யாவரும் அறிந்தது. தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர். இவ்வெண்ணிக்கையைச் சொல்லும் நூல்கள் சம்பந்தருக்கு மூன்று முதல் ஐந்து நூற்றாண்டுகள் பிற்பட்டவை. நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும் கூறுவன. சம்பந்தர் தம் பதிகங்களில் சமணரைக் கடுமையாகச் சாடினாரேனும், கழுவேற்றத்தை நடந்த நிகழ்ச்சியாகப் பாடவில்லை. அக்காலத்துக் கல்வெட்டிலும் அச்செய்தி இல்லை. ஏடகத்திலிருந்து தெற்கே மலைக்கு அப்பால் ஒருநாள் நடைத்தொலைவில், அப்போருக்கு இருநூறாண்டு கழித்து, குயிற்குடி ஊரார் சமணத் திருமேனி செய்வித்தனர், குணமதியார் செய்வித்தார், குறண்டி மாணாக்கர் வந்து வாழ்ந்தனர், அரசி ஒருத்தியின் பெயரால் பெரும்பள்ளி நின்றது. எண்ணாயிரவரைக் கழுவேற்றிய நாட்டில் இவை இவ்வளவு வெளிப்படையாக நிகழ்ந்திரா.

ஆகவே ஏடகத்துக் கதையை எவ்வாறு கொள்வது? சமயப்போட்டி நடந்ததை மறுக்க இயலாது. அரசனின் சார்பு மாறியதையும் மறுக்க இயலாது. அரண்மனையின் ஆதரவும், நிலக்கொடையும், அவற்றோடு செல்வாக்கும் ஆற்றங்கரைக் கோயில்களுக்குப் பெயர்ந்தன. மலைப்பள்ளிகள் மெல்ல மெலிந்தன. இம்மெலிவு சில நூற்றாண்டுகள் நீடித்தது. ஒருநாட் பொழுதில் கழுமரத்தில் முடிந்துவிடவில்லை. பெரியபுராணம் பக்திப் பெருங்காப்பியம். அதனை அதற்குரிய இடத்தில் வைத்துப் போற்றுதல் நம் கடன். ஆனால் அதனைக் காவல்துறைக் குறிப்பேடுபோலப் படித்து, ஒருசாரார் பெருமைப்படவும் மறுசாரார் பழிசொல்லவும் பயன்படுத்துவது இரண்டுமே பிழை. கோயிலுக்கு உரிய சான்று கோயிலில் இருக்கிறது, குகைக்கு உரியது குகையில். நடுவே இருப்பது ஒரு மலைமுதுகுதான்.

ஏடகத்துப் படித்துறையில் நிற்போர்க்கு வேறொரு கவலையும் எழும். ஏடு எதிரேறுவதற்கு முதலில் நீர் வேண்டும். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபின் ஆற்றில் நீர் வருவது திறந்துவிடும் நாள்களைப் பொறுத்தது. பரிபாடல் எழுபது பாடல்களில் இருபத்தாறு வையைக்கு உரியன என்பது பழங்கணக்கு. கிடைத்துள்ள முழுப்பாடல்கள் இருபத்திரண்டில் எட்டு. மணலும் நாணலும் கருவேலமுமாகக் கிடக்கும் ஆற்றைப் பார்த்து எட்டுப் பாடல் வேண்டா, ஒன்று எழுதவும் நெஞ்சுரம் தேவை.

ஏடகத்திலிருந்து கிழக்கே தேனூர். ஐங்குறுநூற்றின் மருதத்தில் ஓரம்போகியார் பாடிய பாண்டியர் ஊர். கரும்பாலையின் ஒலி களிற்றின் பிளிறலுக்கு மாறாக எழும் ஊர் என்று அவர் காட்டுகிறார். 2009இல் இவ்வூரில் வேரோடு சாய்ந்த மரம் ஒன்றன் அடியில் கிடைத்த பொற்கட்டிகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கோதை என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பாடல் பெற்ற ஊர் அப்பாடலின் காலத்துப் பொன்னையும் மண்ணுக்குள் வைத்துக் காத்திருந்தது.

தேனூர் கடந்தால் சமயநல்லூர், பரவை, விளாங்குடி. வயல்கள் மனைகளாகி, மனைகள் நகரத்தோடு கலந்துவிடுகின்றன. நடைவழி இங்கே முடிகிறது. மலைக்குகைகளை மக்கள் காண வேண்டும் என்ற எண்ணம் அண்மைக்காலத்தில் வலுப்பெற்றிருப்பதையும் குறிப்பிடல் வேண்டும். 2010இல் யானைமலையைச் சிற்பநகரமாக்கும் திட்டம் எதிர்க்கப்பட்ட சூழலில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய பசுமைநடை இக்குன்றுகளுக்கு மக்களைத் திரளாக அழைத்துச் சென்று வந்துள்ளது. 2022இல் அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத்தலமாக அறிவிக்கப்பட்டது; 2024இல் அதனை உள்ளடக்கிய பகுதி டங்க்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது; ஊரார் திரண்டெழுந்து போராட, 2025 சனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. அரிட்டாபட்டியிலும் பழந்தமிழ்க் கல்வெட்டுடைய குகை உண்டு. அதனைக் காக்க வீதிக்கு வந்தவர்களுள் சமணர் எவரும் இலர். மலையடியில் உழுது வாழும் ஊரார்களே.

தேனூரைப் பற்றி இன்னும் ஒன்று. அழகர் சித்திரையில் வையையில் இறங்கியது முற்காலத்தில் தேனூரில். திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தில் அது மதுரைக்கு மாற்றப்பட்டது என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. விழாவை இழந்த ஊருக்கு உரிமை மட்டும் எஞ்சியது. நகரின் கிழக்கே, வண்டியூர்ப் பக்கத்தில், வையை மணலில் நிற்கும் கல்மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்று பெயர். மண்டூக முனிவருக்கு அழகர் சாபம் தீர்க்கும் இடம் அது. அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் அதன் அடியைச் சூழ்ந்து ஓட, மேற்கே தொலைவிலுள்ள தம் ஊரிலிருந்து தேனூரார் அன்று அங்கே வந்து, முறைப்படி தமக்குரிய மரியாதையைப் பெற்றுக்கொண்டு திரும்புகின்றனர்.